தலைக்காசு வாங்கும் வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டாளாம், பதினேழு வயது. பேஷன் பத்திரிகை, மாடலிங் ஏஜென்சி மாதிரி இடங்களில் நிர்வாகியாக வேண்டும் என்கிறாளாம். கேமராவுக்கு முன்னால் நிற்க இல்லை, பின்னால் உட்கார்ந்து நடத்த. அப்படி ஓர் உத்தியோகம் நிஜமாகவே இருக்கிறதா, எதைப் படித்தால் போகலாம், சோறு போடுமா என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரியும் இருக்கிறது. கோலாலம்பூரில் ஓர் ஏஜென்சி அவளைப் பார்த்துவிட்டு, 'முகம் நன்றாக இருக்கிறது, முதலில் மாடலாகச் சேரட்டும், தொழிலைப் பழகிக்கொள்ளலாம்' என்று சொல்லி, படம் எடுக்க 1,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சொல்கிறதாம். கட்டலாமா?

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் பிறந்தவள். இப்போது அங்கே ஒரு பால்மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூருக்கு வந்து, ஒரு தமிழ் மாத இதழில் விளம்பரம் பிடிக்கும் வேலையில் சேர்ந்தேன். அப்புறம் ஓர் ஆங்கிலப் பெண்கள் இதழின் விளம்பரப் பிரிவு. அங்கிருந்து மாடலிங் ஏஜென்சி. முதலில் சம்பளக்காரி, பிறகு பங்குதாரர். கார்டில் 'நிர்வாக இயக்குநர்' என்று அச்சடித்திருந்த காலத்திலும் நான் நாள் முழுக்கச் செய்தது இரண்டே வேலை. தொலைபேசியில் பேசுவது, வராத பணத்தைத் துரத்துவது.

இந்த வேலை என்ன என்று தோட்டத்துக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். என் தாத்தா காலத்துக் கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருவார். அவர் கொண்டுவந்தவர்களில் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தோட்டம் ஒரு காசு கொடுக்கும். அதுதான் தலைக்காசு. 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்ததோடு, அக்கரையிலிருந்து ஆள்கட்டி வரும் வழக்கம் நின்றது. மாடலிங் ஏஜென்சியின் கணக்கும் அடிப்படையில் இதுதான். பெண் ஒரு நாள் வேலைக்கு 1,000 வெள்ளி வாங்கினால், அதில் ஐந்தில் ஒரு பங்கு, 200 வெள்ளி, ஏஜென்சிக்கு. அவள் வேலைக்கு இறங்காத நாளில் ஏஜென்சிக்கும் ஒன்றும் இல்லை. விளம்பரக் கம்பெனியிடம் தனியாக ஒரு சேவைக் கட்டணமும் வாங்கும் இடங்கள் உண்டு.

கங்காணியிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. கப்பல் செலவு, அரிசி, துணி என்று முன்பணமாகக் கொடுத்ததை எழுதிவைத்துக்கொண்டே வருவார். ஆள் எவ்வளவு உழைத்தாலும் அந்தக் கடன் தீராது. இதுவும் மாடலிங்கில் அப்படியே இருக்கிறது. வெளிநாட்டு ஏஜென்சிகளில் விமான டிக்கெட், தங்கும் வீட்டு வாடகை, சோதனைப் படம் எல்லாவற்றையும் பெண்ணின் பேரில் பற்று எழுதுவார்கள். சீசன் முடிந்து ஊர் திரும்பும்போது கையில் காசு இருக்காது, ஏஜென்சிக்குத் தர வேண்டிய பாக்கி இருக்கும். ஆக, ஒரே நாற்காலியில் இரண்டு விதமாக உட்காரலாம். தலைக்காசு வாங்குபவராக, அல்லது கடன் எழுதுபவராக. உங்கள் மகள் இந்தத் தொழிலுக்கு வந்தால் முதல் மாதத்திலேயே தான் எந்தக் கணக்கு எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அப்பா தோட்ட ஆபீசில் கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, கீழே இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடக் கூப்பிட, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறி போடுவார். யார் வந்தார், எந்தக் காட்டுக்குப் போனார், முழு நாளா அரை நாளா என்று எல்லாம் அந்த நீளக் காகிதத்தில் இருக்கும். ஏஜென்சியில் என் முதல் நாள், புக்கிங் மேசையில் விரித்து வைத்திருந்த சார்ட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதே செக்ரோல். இடது பக்கம் பெண்களின் பெயர்கள், மேலே தேதிகள், கட்டத்துக்குள் பென்சில் எழுத்து. பென்சில் என்பது முக்கியம். ஒரு விளம்பரக் கம்பெனி 12, 13 தேதிகளில் இந்தப் பெண் வேண்டும் என்று பிடித்து வைக்கும். அதற்கு முதல் ஆப்ஷன் என்று பெயர். இன்னொரு கம்பெனி அதே தேதியைக் கேட்டால் இரண்டாம் ஆப்ஷன். இரண்டாமவர் 'நான் உறுதி செய்கிறேன்' என்றால், முதலாமவரை அழைத்து 'நீங்கள் உறுதி செய்கிறீர்களா, விடுகிறீர்களா' என்று கேட்க வேண்டும். உறுதியான பிறகுதான் பேனா. இந்தப் பென்சிலுக்கும் பேனாவுக்கும் நடுவில் உள்ள ஒரு மணி நேரத்தைச் சாமர்த்தியமாகக் கடப்பவர்தான் நல்ல புக்கர், அதாவது மாடல்களுக்குத் தேதி பிடிப்பவர். பெரிய நிர்வாகிகளில் நிறையப் பேர் அந்த மேசையிலிருந்து எழுந்து வந்தவர்கள்.

நியூயார்க்கின் ஐலீன் ஃபோர்டே அப்படித்தான். மாடல்களாக இருந்த சிநேகிதிகளுக்காகத் தொலைபேசி எடுத்து, தேதி குறித்துக்கொடுக்கத் தொடங்கியவர். 1946-ல் கணவர் ஜெர்ரியோடு சேர்ந்து ஏஜென்சி ஆரம்பித்தார். அவர்கள் செய்த பெரிய காரியம் அழகைக் கண்டுபிடித்தது இல்லை, சம்பளத்தைச் சரிசெய்தது. அன்றைக்கு மாடல் வேலை முடித்துவிட்டு, விளம்பரக்காரர் காசு கொடுக்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபோர்டு ஏஜென்சி வவுச்சர் முறை கொண்டுவந்தது. வேலை முடிந்ததும் மாடல் வவுச்சரைக் கொடுத்தால் ஏஜென்சி தன் கையிலிருந்து பணம் கொடுத்துவிடும், விளம்பரக்காரரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளும். நல்ல மாடல்கள் அங்கே போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. எழுபதுகளில் பாரிசிலிருந்து ஜான் காசபிளாங்காஸ் எலீட் ஏஜென்சியை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து ஃபோர்டின் ஆட்களை இழுத்ததும், வழக்கு மேல் வழக்காக 'மாடல் யுத்தம்' நடந்ததும் வேறு கதை. படிக்கச் சுவையாக இருக்கும், பாடம் குறைவு.

இங்கே கோலாலம்பூரில் பில் போட்டு 60 நாள், 90 நாள் கழித்துக் காசு வருவது சர்வ சாதாரணம். முதல் போடாமல் ஏஜென்சி ஆரம்பிப்பவர்கள் மூன்றாம் மாதம் மூச்சுத் திணறுவது இதனால்தான். பெண் வாரா வாரம் கேட்பாள், கேட்க வேண்டியவள்தான். விளம்பரக் கம்பெனியின் கணக்குப் பிரிவிலோ ஆள் லீவு. நடுவில் நாம்.

சரி, பத்திரிகையும் மாடலிங்கும் ஒரே ஆள் கையில் எப்படி வருகிறது என்று கேட்கலாம். எனக்குப் பிடித்த உதாரணம் ஒஃபீலியா டெவோர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் எட்ஜ்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண், வெளிர் நிறம். மாடலிங் பள்ளியில் சேர்ந்தபோது அவரை வெள்ளைக்காரி என்றே நினைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வேறொரு கறுப்பினப் பெண்ணுக்கு இடம் மறுத்த பிறகுதான், தன்னை வெள்ளைக்காரி என்று நினைத்துவிட்டார்கள் என்பது அவருக்கே புரிந்தது. 1946-ல், ஃபோர்டு தொடங்கிய அதே ஆண்டில், நண்பர்களோடு சேர்ந்து கிரேஸ் டெல் மார்கோ என்ற ஏஜென்சியை ஆரம்பித்தார். கறுப்பின மாடல்களுக்கென்று அமெரிக்காவில் வந்த முதல் சில ஏஜென்சிகளில் அது ஒன்று. இரண்டு வருடத்தில் நடை, பேச்சு, உடை சொல்லித்தரும் பள்ளி. டயான் கரோல், சிசிலி டைசன் போன்றவர்கள் அவர் பட்டறையில் இருந்தவர்கள். 1972-ல் கணவர் இறந்ததும், அவர் நடத்திவந்த கொலம்பஸ் டைம்ஸ் என்ற ஜார்ஜியா மாநிலச் செய்தித்தாளை இவரே எடுத்து நடத்தினார். 2014-ல் காலமானார்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பள்ளி என்றால் மாணவியிடம் கட்டணம், ஏஜென்சி என்றால் மாணவியின் வேலையிலிருந்து கமிஷன். இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தால் கட்டணத்துக்காகவே ஆள் பிடிக்கும் ஆசை யாருக்கும் வரும். டெவோரின் பள்ளிக்கு ஒரு நியாயம் இருந்தது, கறுப்புப் பெண்களுக்கு வேறு கதவு திறந்திருக்கவில்லை. உங்களிடம் 1,800 வெள்ளி கேட்பவர்களுக்கு அந்த நியாயம் இல்லை. மகள் ஒரு நாள்கூட வேலைக்கு இறங்கவில்லை, அதற்குள் அவர்களுக்கு லாபம் வந்துவிட்டது. இனி அவளுக்கு வேலை தேடித்தர அவர்களுக்கு என்ன அவசரம்? நியூயார்க்கில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைத்தான் பிடித்தது. கமிஷன் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, சேரும்போது கட்டணமோ வைப்புத்தொகையோ வாங்கக் கூடாது, மாடலின் உருவத்தைக் கணினியில் நகலெடுக்கத் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இந்த நாட்டில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. நான் சேர்ந்த காலத்தில் விளம்பரக் கம்பெனிகள் கேட்டதெல்லாம் 'பான் ஏசியன்' முகம். அதாவது மலாய்க்காரரா, சீனரா, இந்தியரா என்று சொல்ல முடியாத, பாதி வெள்ளை கலந்த முகம். 2007-ல் அன்றைய தகவல் அமைச்சர் ஜைனுடின் மைடின், நம் திரையில் ஏன் இந்த முகங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். கேட்டதால் தமிழ்ப் பெண்ணுக்கு வேலை கூடியதா என்றால், என் செக்ரோலில் கூடவில்லை. 2017 நோன்பு மாதத்தில் ஓர் அழகுப்பொருள் கடைத் தொடர், முகத்தில் கறுப்புச் சாயம் பூசிய பெண்ணைக் காட்டி விளம்பரம் எடுத்து, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டு எடுத்துவிட்டது. அந்த அறையில் ஒரு கறுத்த நிர்வாகி உட்கார்ந்திருந்தால் அந்தக் கதை காகிதத்தைத் தாண்டியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது.

எனக்கு இது உறைத்தது ஓர் அச்சகத்தில். தமிழ் மாத இதழில் இருந்தபோது தீபாவளி மலர். உள்பக்கத்தில் முழுப்பக்கப் படம் ஒன்றுக்கு, கோலக்கங்சார் சாலையோரத் தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்திருந்தேன். நல்ல கறுப்பு, களையான முகம். படமும் அருமையாக வந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு மெஷினிலிருந்து முதல் தாள் வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் கன்னம் சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசியது மாதிரி. மெஷின்காரர் மலாயில் சொன்னார்: 'ஆள் கறுப்பு, அப்படித்தான் வரும். பவுடர் போடச் சொல்லியிருக்கலாம்.'

நான்கு வண்ண அச்சில் தோலைச் சாம்பலாக்குவது நீலம். மஞ்சளும் சிவப்பும் தோலுக்கு உயிர் கொடுக்கும், நீலம் கொஞ்சம் தூக்கலானால் அந்த உயிர் போய்விடும். வெளுத்த முகத்தில் இது தெரியாது, கறுத்த முகத்தில் உடனே தெரியும். படச்சுருளிலேயே இந்தக் கோளாறு இருந்தது. கோடக் கம்பெனி வண்ணம் ஒத்துப்பார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. 'நீலத்தைக் குறையுங்கள்' என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. அவர் மை திருகுகளைக் கொஞ்சம் இறுக்கினார். நாலாவது தாளில் கன்னத்தில் செம்மை வந்தது. பெண் சிரித்தாள்.

ஆனால் மெஷினில் மை ஓடுவது நீளவாக்கில். ஒரு பக்கத்துக்கு நீலத்தைக் குறைத்தால், தாளில் அதே வரிசையில் இருக்கும் அடுத்த பக்கத்துக்கும் குறையும். அந்த அடுத்த பக்கத்தில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவின் புடவைக்கடை ஒன்றின் விளம்பரம், மயில்கழுத்துப் பட்டு. அது வெளுத்து, சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட நிறமாகிவிட்டது. நான் ஓட்டச் சொன்னேன். கடை முதலாளி பில்லில் பாதியைத்தான் கொடுத்தார், அந்த மீதியை என் கமிஷனில் கழித்தார்கள். ஆசிரியர் மூன்று நாள் பேசவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா படத்தை வெட்டி, கண்ணாடி போட்டு, சாமி மேடைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைப் பிறகு போய்ப் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் ஓட்டத்தான் சொல்வேன். ஆனால் பக்கங்களை அடுக்கும்போதே அந்த விளம்பரத்தை வேறு வரிசைக்கு மாற்றியிருப்பேன். நிர்வாகி என்பவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

பத்திரிகைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாசகர் கொடுக்கும் விலையில் விற்பனையாளர் பங்கு போக, விற்காமல் திரும்பி வரும் பிரதிகள் போக, மிஞ்சுவது பல சமயம் காகிதத்துக்கே போதாது. இதழை ஓட்டுவது விளம்பரம். பின்னட்டை அதிக விலை, முன்னட்டையின் உள்பக்கம் அதற்கு அடுத்தது. பக்கங்கள் பதினாறு பதினாறாக அச்சாகும் என்பதால், விளம்பரம் குறைந்தால் 96 பக்கம் 80 ஆகும், 90 ஆகாது. அந்தப் பதினாறில் யாருடைய கட்டுரை போகிறது என்று முடிவு செய்வது பதிப்பாளர், ஆசிரியர் இல்லை. நம் நாட்டில் இதற்கெல்லாம் முன்னால் உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும், 1984-ஆம் ஆண்டு அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி. அதை வருடா வருடம் புதுப்பிக்கும் தலைவலி 2012 திருத்தத்தோடு போனது.

பெர்மிட் தலைவலி போனது, பத்திரிகைகளும் போய்க்கொண்டிருக்கின்றன. 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றது. ஹெர் வேர்ல்டு, கிளியோ மாதிரி இதழ்களை இங்கே வெளியிட்ட புளூ இங்க் நிறுவனம் 2020 ஏப்ரல் கடைசியில், கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின் நடுவில், கதவை மூடியது. எனக்குத் தெரிந்த பாதிப் பேர் ஒரே வாரத்தில் வீட்டில் உட்கார்ந்தார்கள். அதனால் 'பத்திரிகை நிர்வாகி' என்ற பெயரில் வேலை தேடினால் அதிகம் கிடைக்காது. ஆனால் அந்த வேலை சாகவில்லை, வீடு மாறிவிட்டது. கடைகளின் சமூக ஊடகப் பக்கங்கள், பிரபலங்களுக்கு விளம்பரம் பிடித்துத்தரும் நிறுவனங்கள், நிகழ்ச்சி நடத்துவோர் என்று எல்லா இடத்திலும் அதே விலைப்பட்டியல், அதே தேதி, அதே பாக்கி வசூல். புதிதாக வந்திருப்பது கணினி நகல். 2025-ல் எச் அண்ட் எம் என்ற துணிக்கடை நிறுவனம் தன் 30 மாடல்களுக்கு டிஜிட்டல் இரட்டைகள் செய்யப்போவதாக அறிவித்தது. நகல் ஒரு நாள் 'வேலைக்கு இறங்கினால்' தலைக்காசு யாருக்கு? அடுத்த பத்து வருடத்துச் சண்டை இதுதான், உங்கள் மகள் அந்தச் சண்டைக்குள்தான் வருவாள்.

எதைப் படிப்பது? பேஷன் டிப்ளோமாவுக்குக் கடன் வாங்காதீர்கள். கணக்கியலோ, வணிகமோ, சட்டமோ நல்லது. ஒரு படத்தை எத்தனை மாதம், எந்த நாட்டில், எந்த ஊடகத்தில் பயன்படுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதில்தான் காசே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு விற்ற படத்தை மூன்றாம் வருடம் ஈப்போவில் ஒரு பெரிய பலகையில் பார்த்து, பில் அனுப்பி வாங்கியிருக்கிறேன். மலாயும் ஆங்கிலமும் எழுத வர வேண்டும், தமிழ் இருந்தால் சேலை, நகை, கல்யாண மண்டபம் எல்லாம் நம் கையில். இன்னொன்று, நம் சட்டப்படி 18 வயதாகும் வரை அவள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் அவளைக் கட்டாது. அதனால் அந்த ஏஜென்சி காகிதத்தை உங்கள் முன்னால்தான் வைக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க விடாத காகிதம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்காக இப்போதே கோலாலம்பூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே கல்யாண அலங்காரம் செய்பவர்கள், படம் எடுப்பவர்கள், மணவறை ஜோடிப்பவர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த மாதத்தில் ஒரே நாளுக்கு இரண்டு பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் அவர்களில் உண்டு. அப்படி ஓர் அக்காவிடம் போய், 'உங்கள் தேதிகளையும் பாக்கியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மகள் கேட்கட்டும். தையிலிருந்து ஆனி வரை ஆறு மாதம், ஒரு நீளமான நோட்டு, பென்சில், பேனா. யார் எந்தத் தேதி கேட்டார், எவ்வளவு பேசினார், எவ்வளவு கொடுத்தார், மீதியை எப்படி வாங்கினாள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் என்னிடம் அனுப்புங்கள், எனக்குத் தெரிந்த இரண்டு இடங்களில் சொல்லிவிடுகிறேன். படம் எதுவும் வேண்டாம், அந்த நோட்டை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள்.